கருத்தரங்கில் நான் காட்டாமல் விட்ட ஸ்லைடுகள்

1. முதல் நாள் போன்

"மேடம், நாளைக்கு தஞ்சாவூர் செமினார்ல நம்ம டிவிஷன் சார்பா நீங்கதான் பேசணும். ஸ்லைடு எல்லாம் ரெடி. இருபது நிமிஷம். சீஃப் வர்றார், பார்த்துக்கங்க."

எங்கள் செயற்பொறியாளர் போனில் இதைச் சொன்னபோது நான் நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு செக்ஷனில் உதவிப் பொறியாளராக இருந்தேன். மின்விநியோகத் துறையில் இது மாதிரி கூட்டங்கள் அடிக்கடி நடக்கும். ஒரு ஓட்டல் ஹாலைப் பிடிப்பார்கள். வாசலில் பை, பேனா, கழுத்தில் மாட்ட ஒரு அட்டை. வராந்தாவில் இன்சுலேட்டர், கேபிள், புது மீட்டர் விற்கிற கம்பெனிகளின் மேசைகள். உள்ளே பல மாவட்டத்து ஆட்கள் பேசுவார்கள், சாப்பிடுவார்கள், போன் நம்பர் வாங்கிக்கொள்வார்கள். சாப்பாட்டுக்காகவும் ஒரு நாள் ஓய்வுக்காகவும் வருகிறவர்கள் பாதிப்பேர். அதுவரை நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன்.

தலைப்பை அதற்குப் பிறகுதான் சொன்னார். "விபத்தில்லாத செக்ஷன்: எங்கள் அனுபவம்."

"கூட ஒரு லைன்மேனையும் கூட்டிட்டு வாங்க. ஃபீல்டு ஸ்டாஃபை மேடையில ஏத்தி ஒரு சான்றிதழ் குடுக்கணுமாம். உங்க செல்வராசு இருக்கார்ல, அவரையே கூட்டிட்டு வந்துருங்க" என்றார் செயற்பொறியாளர்.

சரி சார் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வேறு யாரைச் சொல்லியிருந்தாலும் சமாளித்திருப்பேன்.

2. ரைஸ் மில் பக்கத்துப் போஸ்ட்

அதற்கு முந்தின குறுவையில் நடந்தது இது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மோட்டார்களுக்குப் போகிற எல்.டி. கம்பி ஒன்று காற்றில் அறுந்து வயலில் கிடந்தது. அந்த டிரான்ஸ்ஃபார்மரில்தான் பத்துப் பன்னிரண்டு போர் மோட்டார். நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்தது. விவசாயிகள் வரப்பில் வரிசையாக நின்றார்கள்.

செல்வராசு டிரான்ஸ்ஃபார்மரை ஆஃப் செய்து, ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். போஸ்ட்டில் ஏறாமல் நின்றார்.

"மேடம், எர்த் ராடு இன்னும் வரலீங்களே?"

எர்த் ராடு என்பது, வேலை செய்கிற கம்பியில் மாட்டி மறுமுனையை மண்ணில் இறக்குகிற சாதனம். எங்கிருந்தாவது கரண்ட் திரும்பி வந்தால் ஆள்மேல் பாயாமல் மண்ணுக்குப் போய்விடும். அப்படித் திரும்பி வருகிற கரண்டைத்தான் நாங்கள் ரிட்டர்ன் சப்ளை என்போம். எங்கள் செக்ஷனில் லைன் வேலைக்கு மூன்று கேங் ஆட்கள் இருந்தார்கள், எர்த் ராடு ஒன்றுதான் இருந்தது. அன்றைக்கு அது வேறு வேலைக்குப் போயிருந்தது.

"டிரான்ஸ்ஃபார்மரே ஆஃப்ல இருக்கு. எங்கேருந்து வரப்போவுது? ஏறுங்க செல்வராசு, நாத்து கருகுதுன்னு நிக்கிறாங்க பாருங்க" என்றேன்.

இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொன்னது நான்தான்.

அவர் மேலே ஏறிக் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து ரைஸ் மில்லில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். ஜெனரேட்டரையும் எங்கள் லைனையும் பிரித்து வைக்கிற அவர்களுடைய சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பழுது. ஜெனரேட்டர் கரண்ட் மில்லுக்குள் நிற்காமல் எங்கள் கம்பிக்கும் ஏறிவிட்டது. ஒரு சத்தம். செல்வராசு பின்னால் சாய்ந்து பெல்ட்டில் தொங்கினார்.

மில் ஜெனரேட்டரை நிறுத்தவைத்து அவரைக் கீழே இறக்கினோம். உயிர் இருந்தது. நினைவும் இருந்தது. இடது உள்ளங்கை மட்டும் வெந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபிறகு அவரே சொன்னார். "நடந்ததை எழுதினா உங்களுக்கு சார்ஜ் ஷீட், எனக்கு என்கொயரி. விடுங்க மேடம். வீட்ல சுடுதண்ணி கொட்டிருச்சுன்னு எழுதிருங்க."

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

அந்தப் பொய் என்னையும் அவரையும் விட்டுவிட்டு அவர் மனைவி அமுதாவைப் பிடித்துக்கொண்டது. "என்னய்யா, வீட்டம்மா ஊத்திட்டாங்களாமே?" என்று ஆபீஸில் ஆரம்பித்த கேலி ஊருக்குப் போய், கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் அமுதா முகத்துக்கு நேராகவே கேட்கிற அளவுக்கு வளர்ந்தது. ஒருநாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்தார். "நல்லாருக்கீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

3. மேடை

தஞ்சாவூருக்குப் பஸ்ஸில்தான் போனோம். செல்வராசு தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஹால் வராந்தாவில் ஒவ்வொரு மேசையாக நின்று, ஒரு கம்பெனிக்காரரின் கிளாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பக்கத்துக் காத்துக்கு ஒரு வருஷம் தாங்காதுங்க" என்று அவரிடமே சொன்னார்.

என் முறை வந்தது. முன்வரிசையில் சீஃப் இன்ஜினியர். பக்கத்தில் எங்கள் செயற்பொறியாளர். கடைசி வரிசையில் ஃபீல்டு ஆட்கள், அவர்களுக்கு நடுவில் செல்வராசு. முதல் ஸ்லைடில் தலைப்பு. இரண்டாவதில் எங்கள் செக்ஷன் ஆபீஸின் படம். மூன்றாவதில் பெரிய எழுத்தில், "விபத்து: இல்லை".

அந்த வரியை வாசிக்க வாய் திறந்தேன். கடைசி வரிசையில் செல்வராசு வேட்டி மடிப்பில் இடது கையை மறைத்து வைத்திருந்தது தெரிந்தது. யாரும் அவரைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் மறைத்திருந்தார்.

"சார், இது உண்மையில்ல" என்றேன். மைக்கில் என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது. "மிச்ச ஸ்லைடு வேண்டாம். நடந்ததைச் சொல்றேன்."

கம்பி அறுந்ததிலிருந்து சுடுதண்ணீர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். "ஏறச் சொன்னது நான். அவர் ராடு கேட்டார். அவர் மேல ஒரு தப்பும் இல்ல. அவர் வீட்டம்மா மேல சத்தியமா இல்ல." ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முடித்தபோது செயற்பொறியாளர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

சீஃப் உட்கார்ந்தபடியே கேட்டார். "ஏம்மா அன்னைக்கே எழுதலை?"

"பயந்துட்டேன் சார்."

"செக்ஷன்ல எத்தனை கேங்?"

"மூணு சார்."

"ராடு?"

"ஒண்ணு."

அவர் எழுந்து ஹாலைப் பார்த்துத் திரும்பினார். "இங்க இருக்கற செக்ஷன் ஆபீசர் எல்லாரும் இப்பவே உங்க ஆபீசுக்கு போன் போடுங்க. எத்தனை ராடு இருக்கு, எத்தனை வேலை செய்யுதுன்னு கேட்டுட்டு வாங்க. அப்புறம் சாப்பிடலாம்."

ஹால் முழுக்க ஒரே நேரத்தில் போன் பேசுகிற சத்தம். "ஒண்ணுதான் சார்", "ரெண்டு, ஒண்ணுல கிளாம்ப் இல்ல" என்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். எங்களைப்போலத்தான் நிறையப்பேர் இருந்தார்கள். ஒருவர், "எங்க பக்கமும் போன வருஷம் இப்படி ஒண்ணு நடந்துச்சு சார், நாங்களும் எழுதலை" என்றார். அப்போதுதான் நான் கையிலிருந்த மைக்கைக் கீழே வைத்தேன்.

சீஃப் என் பக்கம் வந்தார். "உங்களுக்கு மெமோ வரும்மா. மறைச்சதுக்கு வந்துதான் ஆகணும். இப்ப சொன்னதுக்கு எதுவும் வராது, அதை நான் பார்த்துக்கறேன்."

சொன்னபடியே மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன், என் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டிப்பு ஏறியது. அதை வாங்கிய அன்று பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். ராடுகளும் வந்து சேர்ந்தன. செல்வராசுவுக்கு அது பணியில் பட்ட காயம் என்று திருத்தி எழுதினோம். அந்தக் காகிதத்தின் நகலை அமுதா கேட்டு வாங்கிக்கொண்டார். "அடுத்த கல்யாணத்துக்கு இதைப் பையிலேயே எடுத்துட்டுப் போறேன் மேடம்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

4. சாப்பாட்டு வரிசை

கருத்தரங்கு நடந்த அன்று மதியம் சாப்பாட்டு வரிசையில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் செயற்பொறியாளர் ஒரு வார்த்தைதான் சொன்னார். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்." அது நியாயம்தான்.

நானும் செல்வராசும் ஓரமாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டோடு ஒருவர் வந்தார். அதிராம்பட்டினம் பக்கத்து லைன் இன்ஸ்பெக்டர், பெயர் ஜமால்.

"மேடம், உங்களுக்கு ரைஸ் மில்லு, எங்களுக்கு ஐஸ் பிளாண்ட். கரண்ட் போன அடுத்த நிமிஷம் ஜெனரேட்டரைப் போட்டுருவாங்க, மீன் கெட்டுரும்ல. நாங்களும் பாதிநாள் ராடு போடாமத்தான் ஏறிக்கிட்டு இருக்கோம்."

செல்வராசு அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஒரு பக்கம் போட்டாலும் பத்தாதுங்க. எந்தப் பக்கத்துலேருந்து வரும்னு யாருக்குத் தெரியும்? நிக்கிற போஸ்ட்டுக்கு ரெண்டு பக்கமும் மாட்டணும். முதல்ல மண்ணுல இறக்கிட்டு அப்புறம்தான் கம்பியில கொக்கியப் போடணும்." பேசிக்கொண்டே இடது கையை விரித்து, எந்தக் கம்பியைப் பிடித்தபோது எங்கே பட்டது என்று உள்ளங்கையில் காட்டினார். சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சான்றிதழ் கொடுக்க மேடையில் கூப்பிட்டது அவர் காதில் விழவே இல்லை.

ஜமால் எங்கள் இரண்டு பேர் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனார்.

சில மாதம் கழித்து ஒரு முற்பகலில் அவர் போன் வந்தது. மூச்சு வாங்கப் பேசினார்.

"மேடம், ஐஸ் பிளாண்ட் லைன்ல ஆள் ஏத்தியிருந்தோம். ரெண்டு பக்கமும் ராடு. திடீர்னு ஜெனரேட்டரைப் போட்டுட்டாங்க. ராடுல பட்டுனு ஒரு பொறி, அவ்வளவுதான், ஜெனரேட்டரே டிரிப் ஆகி நின்னுருச்சு."

"மேல இருந்தவர்?"

"ஒண்ணும் ஆவல மேடம். இறங்கி எதிர் கடையில டீ குடிச்சிட்டு இருக்கான். உங்க லைன்மேன்கிட்டயும் சொல்லிருங்க."

ஆபீஸ் வாசலில் ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்த செல்வராசுவிடம் போனைக் கொடுத்தேன். கேட்டார், கேட்டார், பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்களையும் இம்மாதிரிக் கூட்டங்களுக்கு அனுப்புவார்கள். பையையும் பேனாவையும் வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பாடும் நன்றாக இருக்கும். மைக் கைக்கு வந்தால் மட்டும் உங்கள் செக்ஷனில் சரியாக நடந்ததைச் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். தப்பாகப் போனதைச் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டுப் போய், உங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவர் போஸ்ட்டிலிருந்து பத்திரமாகக் கீழே இறங்குவார்.