இடுப்பில்லாத சட்டை

மதுரையில் பிறந்த ஒருத்தி ஆக்லாந்தில் நின்றுகொண்டு, 1920களில் அமெரிக்கப் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்று பதினோரு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், மவுண்ட் வெல்லிங்டன் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். வருஷக் கடைசியோடு வேலை முடிகிறது. வகுப்புக்கு ஒரு காலகட்டம் கொடுத்து, ஆண்டு முடிவில் பெற்றோர் முன்னால் மேடையேற்றுவது அந்தப் பள்ளியின் வழக்கம். எகிப்தையும் ரோமையும் மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போக, மிச்சம் கிடந்தது எனக்கு வந்தது. “அன்றைக்கு உங்கள் வகுப்பைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசலாம்” என்றார் பிரின்சிபல். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

பிள்ளைகள் என்னை விட உற்சாகமாக இருந்தார்கள். டிவி இல்லாத வீட்டில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து என்ன பார்த்தார்கள் என்று ஒருவன் கேட்டான். பேசாத சினிமா என்றதும், “அப்போ தியேட்டரில் நாம் பேசலாமா?” என்றான் இன்னொருவன். சார்ல்ஸ்டன் நடனத்தை நான் நூலகப் புத்தகத்தின் அம்புக்குறிகளைப் பார்த்துக் கற்றுக்கொடுத்தேன். இரண்டாம் நாளே ஒரு சமோவா பெண் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, முழங்காலை எப்படித் திருப்புவது என்று எல்லாருக்கும் காட்டினாள். அவள் சொன்னது சரிதான், என் முழங்கால் திரும்பவே இல்லை.

பாடத்தின் உயிரே உடைதான். அந்தக் காலத்து அம்மாக்கள் மூச்சு முட்ட இடுப்பை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மகள்கள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தோளிலிருந்து முழங்கால் வரை நேராகத் தொங்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடப் போனார்கள். இதைத்தான் மேடையில் சொல்வதாக ஏற்பாடு.

சட்டை தைக்க லின்ஃபீல்டில் இருந்த யாழ்ப்பாணத்து அக்காவிடம் போனேன். ஊரில் உள்ள தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பவர் அவர். புத்தகப் படத்தைக் காட்டி, ஆறு பெண்களின் அளவையும் கொடுத்து, “இடுப்பே இருக்கக் கூடாதுக்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன். “ஓம் பிள்ளை, நீ ஒண்டுக்கும் யோசியாதை” என்றார். நானும் யோசிக்கவில்லை.

மேடையேறும் அன்று காலையில் சட்டைகளோடு பள்ளிக்கே வந்துவிட்டார். குஞ்சம் அழகு, பளபளப்பு அழகு. ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தேன். நடுவில் சிக்கென்று ஒரு இடுப்பு! ஆறிலும் அப்படித்தான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

“அக்கா, இடுப்பு கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!”

“சொன்னனீதான். முதல்லை அப்பிடியேதான் தைச்சனான். பாத்தா சாக்கு மாதிரிக் கிடந்தது. படம் கீறினவனுக்குத் தையல் தெரியாதாக்கும் எண்டு நினைச்சன். ஆரும் பாத்தா என்னையெல்லோ ஏசுவினம்!”

ரவிக்கை தைத்துப் பழகிய கை. உடம்போடு ஒட்டாத துணியைத் தன் வீட்டிலிருந்து வெளியே அனுப்ப அதற்கு மனம் வரவில்லை. எனக்கோ அழுகை வந்தது. நிரந்தர வேலை அந்தச் சின்ன இடுப்புகளில் சிக்கிச் செத்துப்போனதாகவே நினைத்தேன். அடுத்த வருஷ வேலையே இதில்தான் இருக்கிறது என்று நான் சொன்னதும் அக்காவும் கலங்கிப்போனார். “உள்ளுக்கை துணி விட்டுத்தான் பிடிச்சிருக்கிறன் பிள்ளை. பிரிச்சா பழையபடி வரும்” என்று மெல்லச் சொன்னார்.

சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நம் ரவிக்கைகளில் இருக்குமே, உடம்பு பெருத்தால் பிரித்துக்கொள்ள உள்பக்கம் விடுகிற துணி, அது அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மதிய இடைவேளையில் அக்காவும் நானும் பிள்ளைகளுமாக இடுப்புத் தையலைப் பிரித்தோம். அதே இடத்தில் தடித்த நூலால் நீள நீளமாக நூலோட்டம் போட்டு, இழுத்தால் உருவி வரும்படி நுனியை மட்டும் வெளியே தொங்கவிட்டோம்.

மேடையில் ஆறு பெண்களும் இறுகிய இடுப்போடு, மூச்சுவிடப் பயந்த அம்மாக்களாக நடந்து வந்தார்கள். ஜாஸ் இசை எழுந்ததும் ஒருத்தியின் நூலை இன்னொருத்தி பிடித்து ஒரே இழுப்பு! இடுப்பு காணாமல் போனது. அப்பாக்களின் தொளதொளப்பான கால்சட்டையும் அதைத் தோளில் மாட்டும் பட்டையுமாகப் பையன்கள் குதித்து வர, சார்ல்ஸ்டன் தொடங்கியது. அரங்கில் விசில் பறந்தது. நான் திரைக்குப் பின்னால் நின்று குழந்தை போலக் கை தட்டினேன்.

முடிந்ததும் பிரின்சிபல் எங்களிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. “அடுத்த வருஷம் 1930களைச் செய்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அடடா, இன்னொரு புத்தகம் தேட வேண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“விளங்கேல்லையே? அடுத்த வருசமும் நீ இஞ்சைதான்! உன்ரை வேலை நிரந்தரம் எண்டெல்லோ சொல்லிப்போட்டுப் போறார்.”

கண்ணில் தண்ணீர் முட்டியது. அக்காவோ பிள்ளைகள் கழற்றிப் போட்ட சட்டைகளை அள்ளிக்கொண்டிருந்தார்.

“அது சரி, அந்த முப்பதுகளிலை இடுப்பு இருக்குமோ?”

“இருக்கும்க்கா. திரும்பி வந்துடுச்சு.”

“அப்ப இதுகள் என்னட்டைக் கிடக்கட்டும்,” என்று எல்லாவற்றையும் பைக்குள் திணித்தார். “நான் திருப்பிப் பிடிச்சு வைக்கிறன்.”