பிச்சைமுத்து வாய்விட்டுக் கேட்டது

பெயரில்தான் பிச்சை. மற்றபடி பிச்சைமுத்து ஒரு மனுஷரிடமும் கை நீட்டியதில்லை. சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவி ஞானப்பூவோடு ஈப்போவுக்கு வந்து சேர்ந்தார். புந்தோங்கில் ஒரு மலிவுவிலை வீடு. அடுக்குமாடி ஒன்றின் வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை. கூரை ஒழுகினால் அவரே ஏறுவார். குழாய் உடைந்தால் அவரே மாற்றுவார். யாராவது ஒரு கை கொடுக்க வந்தால் போதும், "வேணாம்லா, ஆண்டவர் பாத்துக்குவாரு" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவார்.

மாதா கோயிலுக்கு வருகிறவர்கள், ஆகா, என்ன விசுவாசம் என்று மெச்சிக்கொள்வார்கள். மண்ணாங்கட்டி! ஆண்டவர் பெயரை வேலியாக நட்டுக்கொண்டு, உள்ளே தன்னந்தனியாக ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்தார் மனிதர். அது ஞானப்பூவுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ராமையாவுக்கும் தெரியும். ராமையா அதே தோட்டத்துக்காரர், வயதில் இளையவர். காலையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு வேலிப் பக்கம் வந்து, "அண்ணே, ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்பார். "ஒன்னும் வேணாம்" என்று பதில் வரும். இருந்தாலும் மறுநாளும் கேட்பார்.

பிச்சைமுத்துவுக்குச் சர்க்கரை ஏறும் இனிப்புநீர் வியாதி. பாதத்தில் உணர்ச்சி செத்துப் போயிருந்தது. ஒருநாள் பூட்ஸுக்குள் விழுந்த சிறு கல்லோடு காலையிலிருந்து மாலைவரை நின்றிருக்கிறார். கழற்றும்போது காலுறையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. வலது கால், கட்டைவிரலுக்குக் கீழே. கிளினிக்குக்குப் போயிருக்கலாம். தோட்டத்தில் கத்தி கிழித்தபோதெல்லாம் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக் கட்டி ஆறவில்லையா என்று அதையே செய்தார். ராத்திரி காலுறையோடு படுத்தார். புண் வாடை கிளம்பியதும், "லோங்காங் நாறுதுலா" என்று வீட்டின் முன்னால் ஓடும் சாக்கடையை மண்வெட்டியால் வழித்துக் கழுவினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான். ஞானப்பூவும் நம்பினாள், பாவம். அந்தச் சாக்கடையில் பினாயில் வேறு ஊற்றினாள்.

அப்போது தவக்காலம். பெரிய வியாழன் மாலைப் பூசையில் பாதர் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவுவார். சேசு தம் சீடர்களுக்குக் கழுவியதை நினைத்துச் செய்யும் சடங்கு. பன்னிரண்டு பேரில் ஒருவர் வேலை கிடைத்துச் சிங்கப்பூர் போய்விட்டதால், பாதர் பிச்சைமுத்துவைக் கேட்டார்.

"வேற ஆளப் பாருங்க பாதர். எனக்கு டூட்டி இருக்கு."

"அதெல்லாம் வருவாரு பாதர். நான் கூட்டிட்டு வாரேன்" என்றாள் ஞானப்பூ. இத்தனை வருஷத்தில் தன் புருஷனை முன்னால் உட்காரவைக்கக் கேட்டது இதுதான் முதல் தடவை. அவளுக்குப் பெருமை தாளவில்லை.

வெள்ளைச் சட்டை போட்டுப் பீடத்தின் முன்னால் உட்கார்ந்தார் பிச்சைமுத்து. எல்லோரும் வலது காலை நீட்டினார்கள். இவர் இடது கால் சப்பாத்தைக் கழற்றி வைத்துக்கொண்டார். கிழட்டுப் பாதர் ஒவ்வொருவர் முன்னாலும் முட்டி போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வலது கால், பிச்சைமுத்து."

"இதுவே போதும் பாதர்."

பாதருக்கு அதற்குள் வாடை எட்டிவிட்டது. குனிந்து அவரே வலது சப்பாத்தை அவிழ்த்தார். பிச்சைமுத்து அவர் கையைப் பிடித்து நெரித்தார். "வேணாம் பாதர், உங்க கையெல்லாம் ஆயிடும்." பாதர் விடவில்லை. காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது. தண்ணீரை ஊற்றி ஊற்றி ஊறவைத்து மெல்ல உரித்தார். பாட்டுக்குழு பாட்டை முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் முதலிலிருந்து பாடியது. எட்டிப் பார்த்த ஞானப்பூ வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டைவிரல் கறுத்துப் போயிருந்தது.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். விரலோடு போகும் என்றார்கள் முதலில். உயிர்த்த ஞாயிறு முடிந்து அடுத்த வாரம், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகாவது திருந்தினாரா? அதுதான் இல்லை. ஜாகா வேலை போயிற்று. ஞானப்பூ சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவப் போனாள். மத்தியானங்களில் வீட்டில் அவரும் சுவரும்தான். ராமையா வேலியோரம் நின்று கேட்டால், உள்ளேயிருந்து அதே பதில்தான்.

ஒருநாள் மத்தியானம் ஊன்றுகோலோடு கக்கூஸுக்குக் கிளம்பியவர், அடுப்படியில் வழுக்கி விழுந்தார். ஊன்றுகோல் மேசைக்கு அடியில் போய்விட்டது. கையை ஊன்றி எழுந்து பார்த்தார், முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. வேட்டி நனைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வெளியே குரல் கேட்டது.

"அண்ணே, சத்தம் கேட்டிச்சே! ஏதாச்சும் வேணுமா?"

தரையில், மூத்திரத்தில் கிடந்துகொண்டு, "ஒன்னும் வேணாம்!" என்றார் பிச்சைமுத்து. அப்படியும் ஒரு ஜென்மம்!

பிறகு செபம் செய்தார். ஆண்டவரே, என்னைத் தூக்கும், யாரும் பார்க்கிறதுக்கு முன்னால் தூக்கும் என்று கேட்டார். கூரைத் தகரம் வெயிலில் படபடவென்றது. ஒன்றும் நடக்கவில்லை. கோபம் வந்தது. உமக்கும் நான் வேண்டாதவனாகிவிட்டேனா என்று அழுதார். வெளியே ராமையா மோட்டார் சைக்கிளை முடுக்கும் சத்தம் கேட்டது. ஆண்டவர் யாரை அனுப்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஆள் இத்தனை வருஷமாக வேலியோரம் வந்து நின்றுகொண்டுதான் இருந்தார். இதோ, கிளம்பப் போகிறார்.

"ராமையா! ராமையா! என்னால முடியலப்பா. வந்து தூக்கி விடுப்பா!"

மோட்டார் நின்றது. ராமையா பின்கதவு வழியாக ஓடி வந்தார். எதுவும் கேட்காமல் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தார். வேட்டி மாற்றிவிட்டார். பிச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் செய்யவிட்டார்.

சாயங்காலம் வந்த ஞானப்பூவிடம் ராமையா விஷயத்தைச் சொன்னார். "அண்ணே வாய்விட்டுக் கூப்பிட்டாரு, அக்கா. என்னால முடியலன்னு சொன்னாரு."

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்படியே கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இம்புட்டு வருசமாக் காத்துக் கெடந்தேன்" என்றாள். "அத காலு இருக்கும்போது சொல்லியிருந்தா என்னங்க?"

பிச்சைமுத்து, சோப்பு நீரில் வெந்து வெளுத்திருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.