தவிட்டுக்கு விற்ற தங்கை

எனக்குப் பின் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. அதனால் தொண்ணூறுகளின் நடுவில் தங்கை பிறந்தபோது, அவளைத் தவிட்டுக்கு விற்பது என்று வீட்டில் முடிவானது. எங்கள் பக்கம் இது வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில் புதிதாகப் பிறந்ததை இன்னொருத்தி ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிப் போவாள். தெருவைச் சுற்றி வந்து, அதே தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையைத் திரும்ப விற்றுவிடுவாள். அதோடு அது அடுத்த வீட்டுப் பிள்ளை. சாவு அடையாளம் தெரியாமல் ஏமாந்து போகுமாம். நடுவில் பெற்றவள் வாசலைத் தாண்டக் கூடாது, பிள்ளையைக் கூப்பிடக் கூடாது. அது ஒன்றுதான் கண்டிப்பு.

வாங்க வந்தவள் என் அத்தை. அப்பாவின் அக்கா, நாகலாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமாகி வருஷக்கணக்காகப் பிள்ளையில்லை என்பதால் நல்ல காரியங்களில் அவளை யாரும் முன்னே நிற்க விடுவதில்லை. இதற்குப் போய் அப்பா அவளை அழைத்தது அம்மாவுக்கே ஆச்சரியம்.

முதல் நாள் சாயங்காலம் அடுப்பெரிக்கக் காய்ந்த பருத்திமார் எடுக்கக் கொல்லைக்குப் போனேன். மார் குவித்த படப்புக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது.

"கொண்டு போனா அப்படியே வச்சுக்கோக்கா. பொட்டப்பிள்ளைதானே. எங்களுக்குத்தான் ஒண்ணு கெடக்கே."

அந்த ஒண்ணு நான். நாளைக்கு ஒரு தம்பி பிறந்தால் என்னையும் யாருக்காவது ஒரு முறம் தவிட்டுக்குத் தள்ளிவிடுவார் என்று நடுங்கினேன். யாரிடம் போய்ச் சொல்ல? அப்பாவைப் பற்றி அப்பாவிடமா?

மறுநாள் அத்தை தவிட்டைக் கொடுத்து, பிள்ளையை வாங்கி, முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். தெருமுனையில் திரும்பினால் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரலாம். அவள் திரும்பவில்லை. நேரே பஸ் நிற்கும் வேப்பமரத்துக்குப் போனாள்.

வீட்டுக்கு ஓடினேன். பச்சை உடம்போடு அம்மா நிலைக்கு உள்ளேயே நின்றிருந்தாள். சொன்னால் அம்மா வாசலைத் தாண்டுவாள், பிள்ளை செத்துவிடும். சொல்லாவிட்டால் பிள்ளை போய்விடும். இரண்டில் எது என்று தீர்மானிக்கிற வயதா அது? அழுகைதான் முதலில் வந்தது.

"எம்மா, அத்தை பஸ்ஸுக்குப் போறா."

அம்மா ஓடியதை ஊரே பார்த்தது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அத்தை பஸ் ஏறிப் போய்விட்டாள். அப்பாதான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: "முறைய முறிச்சுட்டா. இனி அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனாலும் இவதான் பொறுப்பு." தான் போட்ட திட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கெட்டிக்கார மனுஷன்.

அதன்பின் தங்கை இருமினாலே எனக்கு உயிர் போய் உயிர் வரும். தூங்கும்போது அவள் மூக்கருகில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அம்மாவும் வைத்துப் பார்ப்பாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஆடிக்காற்று அடித்த நாட்களில் ஒருமுறை காய்ச்சல் ஏறி அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. கோவில்பட்டிக்குத் தூக்கிப் போய், ஊசி போட்டு, காய்ச்சல் இறங்கித்தான் திரும்பினோம். செய்தி எப்படியோ நாகலாபுரத்துக்குப் போயிருக்கிறது. மறுநாள் அத்தை வந்து நின்றாள்.

வாங்கியதைக் கேட்டு வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தேன்.

"வழிய விடுட்டி. எடுத்துட்டுப் போக வரல. முறையா வித்துட்டுப் போக வந்தேன்."

உள்ளே போய்த் தங்கையைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மா அழுதுகொண்டே ஒரு முறம் தவிடு கொண்டு வந்தாள். "மைனி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"வேண்டாம்மா." தவிட்டை முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள்.

நிஜமாகவே பஸ் ஏறுகிறாளா என்று பார்க்க நான் பின்னாலேயே போனேன். எதற்கு வருகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"இன்னும் பயமா இருக்காட்டி?"

தலையாட்டினேன்.

"எனக்குந்தான்" என்றாள். "இந்தத் தடவையும் பிள்ளை இல்லாம வந்தா வேற பொண்ணு கட்டுவேன்னு சொல்லிட்டாவ உங்க மாமா. பார்த்தும் வச்சிருக்காவ."

"பின்ன ஏன் அத்தை திருப்பி வித்தீங்க?"

"பிள்ளை சாகக் கூடாதுல்லா."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த முடிச்சை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் தொலைந்தால் போதும் என்று வந்த நான், "போகாதீங்க அத்தை" என்று கத்தினேன். பஸ் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.