மூடிய காரில் ஓர் ஐஸ்கிரீம் பெட்டி

தொண்ணூறுகளில் நாங்கள் இத்தாலியின் பலெர்மோ நகரில் இருந்தோம். நான் வேலை செய்த வீட்டு எஜமானி, சிஞோரா, ஜப்பானுக்குச் சுற்றுலா போய் வந்து, அங்கே ரயிலில் விற்கும் ஐஸ்கிரீமைப் பற்றிச் சொன்னார். 'ட்ரை ஐஸ்' என்கிற உலர்பனியில் வைத்திருப்பதால் கரண்டியே இறங்காதாம், கல்லுப்போல இருக்குமாம்.

மகளின் நான்காவது பிறந்தநாளுக்கு மொண்டெல்லோ கடற்கரைக்கு அப்படி ஐஸ்கிரீம் கொண்டுபோக எனக்கு ஆசை. மீன்கடையில் வேலை செய்த கணவர் எங்கேயோ கேட்டு உலர்பனி கொண்டுவந்தார். இரண்டையும் ஒரு பெட்டியில் போட்டு, பின் இருக்கையில் மகளுக்குப் பக்கத்தில் வைத்தோம். வெளியே புழுதிக்காற்று வீசியதால் கார்க் கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிட்டோம்.

பாதி வழியில் எனக்குத் தலை இடித்தது, மூச்சு வாங்கியது. வெக்கை என்று நினைத்தேன். ஓயாமல் கதைக்கும் மகள் நித்திரையானது நல்லதாய்ப் போயிற்று என்றுகூட எண்ணினேன். கணவர்தான், "எனக்கும் தலை சுத்துது. பிள்ளையை ஒருக்கா எழுப்பிப் பாரும்" என்றார்.

உலுக்கினேன். அவள் கண் திறக்கவில்லை.

"ஐயோ, காரை நிப்பாட்டுங்கோ!"

அவளைத் தூக்கிக்கொண்டு தெருவோரம் இறங்கினேன். காற்றுப் பட்டுச் சற்று நேரத்தில் இருமினாள். "அம்மா, தலை நோகுது" என்று அழுதாள். நானும் அழுதுவிட்டேன்.

உலர்பனி உருகாமல் நேரே கரியமில வாயுவாக மாறி மூடிய காரை நிரப்பியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். இன்னும் கொஞ்சத் தூரம் போயிருந்தால் பிள்ளை தப்பியிருக்க மாட்டாளாம்.

இப்போது எதற்கும் சாதாரண ஐஸ்கட்டிதான். எவ்வளவு புழுதி அடித்தாலும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வைக்கிறேன். மகளும் அவளுக்குப் பின் பிறந்தவர்களும் வளர்ந்துவிட்டார்கள்; ஆனாலும் காரில் நித்திரையானால் தட்டிப் பார்க்கிறேன். "விடுங்கோ அம்மா" என்று சினந்து அவர்கள் முணுமுணுத்த பிறகுதான் திரும்பி உட்காருவேன்.