நின்ற காரின் தப்பு

மோட்டார் இன்சூரன்ஸ் ஏஜண்டுக்குக் காரைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மனிதர்கள் எப்படியெல்லாம் கதை சொல்வார்கள் என்று தெரிந்தால் போதும். எண்பதுகளில் கோலாலம்பூருக்கு அப்பால் கோல சிலாங்கூர் டவுனில், ஒரு காப்பிக் கடையின் மாடியில் மேசை போட்டு நான் அந்தப் பிழைப்பைத்தான் பிழைத்தேன். பொம்பளை ஏஜண்ட் என்று ஆரம்பத்தில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். எனக்கு இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. பேனாவை மூடித் திறப்பேன், எழுந்து ஜன்னலைப் பார்ப்பேன், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். தஞ்சோங் காராங் வயல் வாய்க்காலில் குப்புற விழுந்த மோட்டார் சைக்கிள், பாகான் நக்கோடா ஓமாரில் மீன் கூடை சரிந்து கண்ணாடி போன வேன் என்று எத்தனையோ பார்த்தவள்தான். ஆனால் கோவில் கார் பார்க்கில் ஒரு காரின் பின்பக்கம் விழுந்த கையகலப் பள்ளம் என்னைத் தூங்க விடாமல் அடித்தது. கார் பார்க்கில் இடிபட்டு, 'யார் தப்பு' என்று வெயிலில் நின்று கத்திய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்கள் என் கட்சி. கேளுங்கள்.

ராகு காலம் முடியட்டும்

சபாபதி ஐயா பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிட்டு, யாருக்கு அன்றைக்கு வேலை, யார் வீட்டுக்குத் திரும்பிப் போவது என்று முடிவு செய்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் அவருக்குப் பெயர் 'கிராணி ஐயா'தான். அவர் மூன்றாவது தடவையில் லைசென்ஸ் எடுத்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு புதுக் கார் வாங்கினார். வெள்ளிக்கிழமை கோவிலில் காருக்குப் பூசை. முதல் நாளே கவர் நோட் என்ற தற்காலிக இன்சூரன்ஸ் சீட்டை எழுத என்னிடம் வந்துவிட்டார்.

எத்தனை மணியிலிருந்து இன்சூரன்ஸ் தொடங்கட்டும் என்று கேட்டதுதான் என் வினை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கிராணி ஐயா ஊரைவிடக் கணக்கில் கெட்டி. சில வருஷங்களுக்கு முன் அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்ததல்லவா? ராகு அரசாங்கத்தைக் கேட்டா நடப்பான், சூரியனைப் பார்த்துத்தானே நடப்பான், ஆகவே நம் கடிகாரத்தில் பன்னிரண்டரைக்குத்தான் அவன் போவான் என்று விளக்கினார். காலையிலிருந்தே போட்டாலும் காசு ஒன்றுதான் ஐயா என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். அவர் என் பேனாவையே பார்த்தார்.

"பூசை முடிஞ்சாத்தான்மா அது காரு. அதுவரைக்கும் வெறும் இரும்பு. இரும்புக்கு எதுக்கு இன்சூரன்சு? பன்னெண்டரைன்னு எழுதும்மா."

சக்கரைப் பொங்கல் வரிசையில்

கார் விற்றவர்களே அதைக் கோவில் கார் பார்க்கில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். மாலை போட்டு, குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ராகு போகவேண்டியதுதான் பாக்கி. எனக்கும் அழைப்பு இருந்ததால், நான் சக்கரைப் பொங்கல் வரிசையில் நின்று நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது யாரோ ஒரு புண்ணியவான், வெயிலில் மாலை வாடுகிறது, கொஞ்சம் மர நிழலுக்குத் தள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நாலடிதானே என்று கிராணி ஐயா ஏறி உட்கார்ந்திருக்கிறார். கிளட்சை விட்ட வேகத்தில் கார் பழத்தை நசுக்கிக்கொண்டு பாய்ந்து, மரத்தடியில் நின்ற இன்னொரு காரின் பின்பக்கத்தில் போய் மோதியது. சத்தம் கேட்டு நான் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. என் கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டே கால். இன்சூரன்ஸ் தொடங்க இன்னும் கால் மணி இருந்தது.

இடிபட்டது, ஐயா வேலை பார்த்த அதே எஸ்டேட்டின் மேனேஜர் கார். மேனேஜரின் மனைவி கோவிலுக்குள் அர்ச்சனைக்குப் போயிருந்தார். டிரைவர் ஆறுமுகம் காரை ஒழுங்காக நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, இரண்டு கை தள்ளி நின்றுகொண்டிருந்தார். கிராணி ஐயா இறங்கினார். புருவத்தைத் தூக்கி ஆறுமுகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் முதல் பாடம், இடித்த இடத்தில் தப்பை ஒத்துக்கொள்ளாதே என்பது. இடித்தவர்களுக்கே அந்தப் பாடம். ஆறுமுகம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கோவில் கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"மன்னிச்சுக்குங்கய்யா. நான்தான் இங்கன நிறுத்திட்டேன். தப்பு என்னோடதுதான்யா."

பாலாயில்

கிராணி ஐயா முதலில் என்னை ஓரமாக அழைத்து, கவர் நோட்டில் மணியை மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளும்மா என்றார். அரசாங்கம் தள்ளலாம் ஐயா, நான் தள்ள முடியாது என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. பிறகு அவருக்கு ஆறுமுகம் சொன்னது ஞாபகம் வந்தது. அவனே ஒத்துக்கொண்டானே! அப்படியானால் எஸ்டேட் காரின் இன்சூரன்ஸ் கம்பெனி என் காரைச் சரி செய்து தரட்டும் என்று, ஆறுமுகத்தையும் அழைத்துக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு, எங்கள் பேச்சில் பாலாய்க்கு, போய்விட்டார். மனசு கேளாமல் நானும் பின்னாலேயே போனேன்.

அங்கிருந்த மலாய்க்கார சார்ஜன் எஸ்டேட் ஓரத்து மலாய்க் கிராமத்தில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். எஸ்டேட் கார் கோணலாக, நிற்கக்கூடாத இடத்தில் நின்றது என்று கிராணி ஐயா ரிப்போர்ட் கொடுத்தார். சார்ஜன் ஆறுமுகத்தைப் பார்த்து, உன் கெரெத்தா, அதாவது கார், ஓடியதா நின்றதா என்று கேட்டார். நின்றது துவான் என்று மலாயில் 'ஐயா' போட்டுச் சொன்னார் ஆறுமுகம். அப்புறம் யார் தப்பு என்றார் சார்ஜன். என் தப்பு துவான் என்றார் ஆறுமுகம். சார்ஜன் எழுதுவதை நிறுத்தி, மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"நா எத்தன வருசமா போலீசு. நிக்கிற கெரெத்தா போயி மோதுனத இன்னிக்குத்தா பாக்குறேன் லா."

லயத்து வீட்டில்

நியாயமாகப் பார்த்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். என் வாடிக்கையாளர் கிராணி ஐயா. ஆறுமுகம் எனக்கு யாரோ. ஆனால் மேசையில் உட்கார்ந்தால் அந்தத் தொப்பியைப் பிடித்த கைதான் கண்ணில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்கே போய்விட்டேன்.

ஆறுமுகத்தின் மனைவி பச்சையம்மா அலமாரிச் சாமான்களை இறக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், இன்சூரன்ஸ் அட்ஜஸ்டர் வந்து விசாரித்து டிரைவர் மேல் தப்பு என்று எழுதிவிட்டால் ஆறுமுகம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். மகளுக்கு அந்த வருஷம்தான் பள்ளி முடிக்கும் ஐந்தாம் படிவப் பரீட்சை. "மழ பேஞ்சாலும் 'என் தப்பு'ன்னு சொல்ற மனுசன்மா இது. இத வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?" என்று பச்சையம்மா சாக்கை ஓங்கிக் குத்தினார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நின்ற காருக்கு என்ன தப்பு அண்ணே, உங்களுக்கு வாய் ஒன்று இருக்கிறதா இல்லையா என்று அவர் வீட்டிலேயே நின்று ஆறுமுகத்தைப் பார்த்துக் கத்தினேன். அவர் எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தாம் நின்றுகொண்டே கேட்டார். கோபப்படவில்லை. எனக்குப் புரியவில்லையே என்று அவர் வருத்தப்பட்ட மாதிரிதான் இருந்தது. அவர் சொன்ன பதிலைக் கேட்ட பிறகு எனக்குக் கத்தத் தெம்பில்லை, அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"கிராணி ஐயா அப்படிப் புருவத்தத் தூக்குனாருன்னா, என்னா ஏதுன்னு கேக்காம ஒத்துக்கணும்மா. பெரட்டுல ஒத்துக்கிட்டவனுக்குத்தான் அன்னிக்கு வேல. அதுவா வந்துருச்சும்மா வாயில."

பூக்கார அக்கா

சாட்சி தேடிப் புறப்பட்டேன். பூசாரி, தம் கண் கற்பூரத்தட்டின் மேல் இருந்ததாகச் சொல்லிவிட்டார். சக்கரைப் பொங்கல் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் பொங்கலைப் பார்த்திருக்கிறார்கள். மிச்சம் இருந்தது, அந்த மரத்தடியிலேயே கடை போட்டிருந்த பூக்கார அக்கா. அவர் எல்லாவற்றையும் பார்த்தவர். கார் பாய்ந்தது, பழம் தெறித்தது, கிராணி ஐயா 'ஐயையோ' என்றது வரை அபிநயத்தோடு சொல்லிக் காட்டினார். இதையே அட்ஜஸ்டரிடம் சொல்லுங்கள் அக்கா என்றேன். உடனே சரத்தைக் கட்டத் தொடங்கிவிட்டார். நான் விடாமல் நின்றேன். ஈரத் துணியை உதறிப் பூவின் மேல் போட்டுவிட்டு என்னை முறைத்தார்.

"ஆறுமுகமே தன் தப்புன்னு சாமி முன்னாடி சொல்லிட்டான். அவன் தப்பப் பத்தி அவன விட எனக்குத்தான் கூடத் தெரியுமா? போம்மா, போய்ப் பொழப்பப் பாரு."

அதே இடம், அதே மரம்

எஸ்டேட் காரின் இன்சூரன்ஸ் கம்பெனி, கோலாலம்பூரிலிருந்து மிஸ்டர் லிம் என்ற அட்ஜஸ்டரை அனுப்பியது. அளவு நாடாவும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தார். கிராணி ஐயா உடைந்த விளக்கோடு தம் காரைக் கொண்டுவந்தார். மேனேஜரும் வந்திருந்தார், கார்ச் சாவி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. அதைப் பார்த்ததும் என் கால் தானாக நடக்கத் தொடங்கியது, அந்தக் கார் பார்க்கின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக. எஸ்டேட் காரை மரத்தடியில் அன்று போலவே நிறுத்தினார்கள். பள்ளம் அப்படியே இருந்தது. மிஸ்டர் லிம் ஆறுமுகம் பாலாயில் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, ஒத்துக்கொண்ட பிறகு பேச என்ன இருக்கிறது என்பது போலத் தலையாட்டினார். அளவு எடுக்க வேண்டும், உங்கள் காரையும் அன்று நின்ற இடத்தில் நிறுத்துங்கள் என்று கிராணி ஐயாவிடம் சொன்னார்.

கிராணி ஐயா ஏறினார். மேனேஜர் பார்க்கிறார், அட்ஜஸ்டர் பார்க்கிறார், பூக்கார அக்கா பார்க்கிறார். கார் ஒருமுறை இருமியது. அடுத்த நொடி பாய்ந்து, பழைய பள்ளத்திலேயே போய் முட்டி நின்றது.

ஆறுமுகம் ஓடி வந்தார். தொப்பி கைக்கு வந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்கய்யா, தப்பு என்னோடதுதான்யா!"

மிஸ்டர் லிம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நீ என்ன செய்தாய் என்று மலாயில் கேட்டார். ஆறுமுகம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், எங்கேயாவது தம் தப்பு கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. கிராணி ஐயாவைப் பார்த்தார். பூக்கார அக்காதான் முதலில் சிரித்தார், பிறகு பூசாரி, பிறகு மேனேஜரே வாயைப் பொத்திக்கொண்டார். கிராணி ஐயா சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, தமக்கு முன்னால் தொப்பியோடு நிற்கும் மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த மனிதரை அதற்கு முன் அத்தனை நேரம் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. காது மடல் சிவந்தது. கதவைத் திறந்து இறங்கினார்.

"டேய் ஆறுமுகம், வாய மூடு! இடிச்சது நானு. அன்னிக்கும் நானு, இன்னிக்கும் நானு!"

கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் தம்மையறியாமல் நிமிர்ந்து நின்றார்கள், நான் உட்பட. பெரட்டில் பேர் கூப்பிட்ட அதே குரல். அதையே மிஸ்டர் லிம்மிடம் ஆங்கிலத்திலும் சொன்னார். பாலாயில் கொடுத்த ரிப்போர்ட்டைத் தாமே போய் மாற்றுவதாகவும், இரண்டு காரின் பட்டறைச் செலவும் தம்முடையது என்றும் சொன்னார். மிஸ்டர் லிம் பழைய வாக்குமூலத்தின் குறுக்கே கோடு போட்டார். மேனேஜர் சாவியை ஆறுமுகத்தின் கையில் வைத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். பச்சையம்மா சாக்கைப் பிரிக்கலாம் என்று எனக்குள் ஒரு சத்தம் கேட்டது. அந்த ஒரு கணம் நான் நடக்காமல் நின்றேன்.

ஆறுமுகம் மட்டும் சாவியோடு குனிந்தபடியே நின்றார். பெரட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிராணி சொன்னதைத் திருப்பிச் சொன்னால்தான் அங்கிருந்து நகரலாம். "என்னடா, சொன்னது காதுல விழுந்துச்சா?" என்று அதட்டினார் கிராணி ஐயா. ஆறுமுகம் கையைக் கட்டிக்கொண்டு, அதே பணிவோடு, அதே குரலில் பதில் சொன்னார்:

"விழுந்துச்சுங்கய்யா. தப்பு உங்களோடதுதான்யா."

மன்னிப்புக் கேட்பவன்தான் இடித்தவன் என்று நம்புகிற உலகத்தில் மோட்டார் இன்சூரன்ஸ் விற்பது லேசான பிழைப்பு இல்லை.