அஞ்சடியில் ஒரு முழம் மல்லிகை

வாயை விற்றுப் பிழைக்கிற தொழில் என்னுடையது. மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளை எப்படி இடியாமல் காப்பாற்றுகிறோம் என்று பார்க்க, ஆசியாவின் பல ஊர்களிலிருந்து குழுக்கள் வரும். அவர்களை வெயிலில் நடத்திக் கூட்டிப்போய், இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் புரியவைப்பது என் வேலை. சக மொழிபெயர்ப்பாளர்களே, தொண்டை வறண்ட என் உடன்பிறப்புகளே, உங்களுக்குத் தெரியாததா? சண்டை வந்தால் நாம் தப்பாகச் சொல்லிவிட்டோம். சமாதானம் ஆனால் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

சுவரின் மூச்சு

தமிழ்நாட்டிலிருந்து பொறியாளர்கள் வந்திருந்தார்கள். ஒரு பழைய சுவரில் சிமெண்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசும் வேலை நடந்துகொண்டிருந்தது. "எங்க ஊர்ல இதுல கடுக்காயும் வெல்லமும் சேர்ப்போம்" என்றார் அவர்களில் மூத்தவர். நான் அதை மலாயில் சொன்னதும், பூசிக்கொண்டிருந்த சீன அங்கிள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "குலா மலாக்கா போடலாமா?" என்று ஆசையாகக் கேட்டார். செண்டோல் பானத்தில் ஊற்றுகிற பனைவெல்லம் சுவருக்கா என்று எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரமே அவர் ஒரு வாளியில் கலந்து பார்த்துவிட்டார், எறும்புகளும் வந்து பார்த்தன.

நானும் என் பங்குக்கு, "சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளயே அடைஞ்சுடும் சார். சுவர் மூச்சு விடணும்" என்று மனப்பாடப் பாடத்தை எடுத்துவிட்டேன். மூத்தவர் சுவரில் காதை வைத்துப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "சுவருக்குக் காது இருக்குன்னுதான் ஆபீஸ்ல மெதுவாப் பேசுறோம். மூச்சும் விடுதுன்னா இனிமே வாயையே தொறக்க முடியாதும்மா."

கழற்றிய செருப்பு

கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதை ஒன்று வரிசையாக ஓடும். ஐந்தடி அகலம் என்பதால் நமக்கு அது அஞ்சடி, மலாயில் காக்கி லீமா. லிட்டில் இந்தியாவில் ஒரு அஞ்சடியில் மேசை போட்டுப் பூ கட்டி விற்கிறவர் கனகா அக்கா. அந்த மேசைதான் அவருக்குச் சோறு. தினமும் காலையில் தரையைத் தேய்த்துக் கழுவிவிடுவார். பழைய பூப்போட்ட ஓடுகள் பளபளவென்று மின்னும்.

ஜப்பான் குழு அந்தத் தரையைப் பார்த்தது. வரிசையாகச் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். "வேணாம் வேணாம்" என்று நான் கத்தினேன். கேட்டால்தானே! போகிற வருகிற நம்மாட்கள் செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ பூஜை என்று தாங்களும் கழற்றிவிட்டு, கையோடு பூவும் வாங்கினார்கள். மேசை காலி. அக்காவுக்கு வாயெல்லாம் பல்: "தினமும் கூட்டிட்டு வா லா ஸ்டெல்லா, சாமி இல்லாமலே பூ வித்துப் போச்சு!"

காக்கி லீமா

அப்புறம் அந்தக் கட்டடம் கைமாறியது. புது மேனேஜர் அழகாகப் புதுப்பித்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் அஞ்சடி காலியாக இருக்க வேண்டுமாம், மாதக் கடைசிக்குள் மேசையை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். "சிம்பாங் அம்பாட்ல மக வீட்டுக்குப் போயிடுறேன். அங்க யாரு என்கிட்ட பூ வாங்கப் போறா?" என்றார் அக்கா.

அந்த வாரம் இந்தோனேசியாவிலிருந்து நகராட்சிக் குழு வந்தது. மலாயும் அவர்கள் மொழியும் அக்கா தங்கை, இன்றைக்கு என் வாய்க்கு ஓய்வு என்று நின்றேன். மேனேஜர் நேராக அவர்களிடமே பேசினார். அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் கையை நீட்டி, "இந்தக் காக்கி லீமா நம்ம பாரம்பரியம். என்ன ஆனாலும் காப்பாத்தியே தீரணும்" என்றார்.

கைதட்டல் அதிர்ந்தது. விஷயம் இதுதான்: நமக்குக் காக்கி லீமா என்றால் நடைபாதை, அவர்கள் ஊரில் காக்கி லீமா என்றால் தெருவோர வியாபாரி! குழுத் தலைவி அம்மாள் கண்கலங்க மேனேஜர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஊர்ல இவங்களை விரட்டுறோம். நீங்க பாரம்பரியம்னு சொல்றீங்களே! எங்க மேயர்கிட்ட சொல்லப் போறேன்." அக்காவை நடுவிலும் மேனேஜரைப் பக்கத்திலும் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

மேனேஜர் திருதிருவென்று என்னைப் பார்த்தார். விளக்கம் சொல்ல வேண்டியவள் நான். அன்றைக்குப் பார்த்து என் செருப்பு வாரில் ஏதோ கோளாறு, குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவருக்கே எல்லாம் விளங்கிவிட்டிருந்தது. படத்தில் சிரித்த முகத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? சற்று நேரம் கழுத்தைச் சொறிந்துவிட்டு, "மேசையைத் தூண் ஓரமாத் தள்ளிப் போட்டுக்குங்க, ஆள் நடக்க வழி இருந்தாப் போதும்" என்றார். சொல்லிவிட்டு அவரே ஒரு பக்கம் தூக்கினார்.

அவர்கள் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்ககிட்ட என்னடி சொன்னே?" என்றார். "ஒண்ணுமே சொல்லலக்கா" என்றேன். மல்லிகையை அள்ளி என் தலையில் வைத்துவிட்டு, அழுதுகொண்டே சிரித்தார்: "அதானே பாத்தேன், நீ வாயத் தொறந்திருந்தா இவ்வளவு நல்லது நடந்திருக்குமா?"

இத்தனை வருடம் பேசியதற்கெல்லாம் கூலிதான் வந்தது, ஒரே ஒரு தரம் வாயை மூடியதற்குத்தான் தலை நிறைய மல்லிகை.