தவமணியின் காருக்குப் பாரமாக இருந்தேன்

செய்தி வந்தபோது நான் சப்பாத்தும் மேற்கோட்டும் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நின்றேன். தவமணியின் கார் வரும் நேரம். கார் வரவில்லை, தொலைபேசி அடித்தது. பேசியது அவருடைய மகள் மதுரா. மதுரா டென்மார்க்கில் பிறந்த பிள்ளை. நாம் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுவாள். அன்றும் டேனிஷில்தான் சொன்னாள். இத்தனை வருடம் இந்த இக்காஸ்ட் ஊரில் இருந்தும் என் டேனிஷ் அரைகுறைதான். ஆனால் அம்மா இறந்துவிட்டார் என்பது அந்த மொழியில் மூன்றே சிறிய சொற்கள். விளங்காதவன் போல் நிற்க முடியவில்லை.

கோட்டைக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் மறுபடி அடித்தது. தமிழ்க் கடை வைத்திருக்கும் குணம்.

"அண்ணை, தவமக்கா போட்டாவாம். காராலையோ?"

"இல்லை."

"நான் அப்பவே சொன்னனான், அந்தக் காரை வித்துத் துலைக்கச் சொல்லி."

"காரில்லை எண்டுறன். காது கேக்கேல்லையோ உனக்கு?"

அவருக்குப் பிறகு ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஒருவர், பிரெடெரிசியாவிலிருந்து ஒருவர். எல்லோரும் முதலில் கேட்டது காரைத்தான். ஆகவே மற்ற எதையும் சொல்வதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன். தவமணியைக் கார் கொல்லவில்லை. வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளே இதயம் நின்றுவிட்டது. அன்று பனி இல்லை. வீதி காய்ந்து கிடந்தது. கார் வாசலில் சும்மா நின்றது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அடிக்கும் நினைவு மலருக்கு ஏதாவது சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். நானே எழுதித் தருகிறேன் என்றேன். சின்ன வயதில் எனக்குப் பள்ளிக்கூடம் வாய்க்கவில்லை. எழுதப் பழகியது பென்சன் எடுத்த பிறகுதான், அதனால் மெதுவாகத்தான் வரும். தவமணி என்று முதல் தடவை எழுதி முடித்தபோது இந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். அவர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

என் மனைவி பூரணம் ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். அவளுடைய ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. டேனிஷ் முழுவதும் போய்விட்டது. காலைச் சாப்பாட்டை என் கையால் கொடுத்தால்தான் வாங்குவாள். தவமணி அந்த இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தார். போகிற வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். எங்களுக்குள் இருந்த பழக்கம் இப்படி ஆரம்பித்ததுதான்.

அந்தக் காரைப் பற்றி எல்லோரும் பேசியிருக்கிறார்கள். நான் சாயப் பட்டறையில் வேலை செய்தவன், நிறம் எனக்குத் தெரியும். அது போத்தல் பச்சை. நிலத்தோடு ஒட்டிய உடம்பு, நீண்ட மூக்கு, பின்னுக்குப் பிள்ளைகள் மட்டும் இருக்கக்கூடிய சின்ன ஆசனம். ஒரு கோடையில் ஏதோ ஒரு தோட்டக்கார டேனிஷ்காரரின் முற்றத்தில் விற்பனைக்கு நின்றதைக் கண்டு வாங்கினார். புருஷன் இல்லாத பெண், ஐம்பது தாண்டியவர், இப்படி ஒரு காரா என்று ஊர் வாயைப் பிளந்தது. கடையில் வைத்து ஒரு அம்மா நேராகவே கேட்டார்.

"ஏன் பிள்ளை, உனக்கென்ன கதாநாயகி எண்டு நினைப்போ?"

"இல்லையக்கா. எனக்குப் பிடிச்சுது, வாங்கினன்."

"அதுக்கு ஒரு காரணம் வேண்டாமோ?"

"பிடிச்சதுதான் காரணம்."

வேறு விளக்கம் அவர் யாருக்கும் கொடுத்ததை நான் கேட்கவில்லை.

கோடையில் அது சொன்ன சொல் கேட்கும் கார். கரைச்சல் குளிர்காலத்தில் வந்தது. இங்கே ஓடும் கார்களில் அநேகமானவற்றை முன் சில்லுகள் இழுக்கும். தவமணியின் காரைப் பின் சில்லுகள் தள்ளும். எஞ்சின் பாரம் முழுவதும் முன்னுக்கு. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் பனியில் பின் சில்லுகள் பிடி இல்லாமல் சுழலும். வளைவில் காரின் வால் தலையை முந்தப் பார்க்கும். விண்டர் டயர் போட்டாலும் பின்னுக்குப் பாரம் வேண்டும். டேனிஷ்காரர்கள் மணல் மூட்டை போடுவார்கள். தவமணி குணத்தின் கடையில் அரிசி மூட்டைகள் வாங்கி டிக்கி நிறைய அடுக்கினார்.

"மணலைக் கோடையிலை எங்கை கொண்டுபோய்க் கொட்டுறது? அரிசி எண்டால் வீட்டுக்கு உதவும்," என்றார்.

அது உதவத்தான் செய்தது. வீட்டில் அரிசி முடிய டிக்கியிலிருந்து ஒரு மூட்டை எடுத்தார். மதுராவின் பிறந்தநாளுக்கு ஒன்று போனது. கோயில் அன்னதானத்துக்கு இன்னொன்று. பனியோ குறையவில்லை. ஒரு நாள் காலை காட்டு வளைவில் கார் அழகாக ஒரு சுற்றுச் சுற்றி, நாங்கள் வந்த திசையைப் பார்த்தபடி பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. காயம் இல்லை. இறங்கி டிக்கியைத் திறந்தோம். அது துடைத்த மாதிரி இருந்தது. தவமணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"பாத்தியளே அண்ணை! பிடிமானத்தை எல்லாம் சோறாக்கித் திண்டு முடிச்சிட்டம்."

ஒரு டேனிஷ்காரர் டிராக்டரைக் கொண்டுவந்து கட்டியிழுத்து விட்டார். அடுத்த நாள் நான் வழக்கம்போல முன் கதவைத் திறந்தேன்.

"முன்னுக்கு வேண்டாம். பின்னுக்கு ஏறுங்கோ."

"அதுக்குள்ளை என்னெண்டு பிள்ளை இருக்கிறது?"

"கோணலா இருங்கோ. பின் சில்லுக்கு மேலை பாரம் வேணும். உங்களை ஆரும் சமைக்கேலாதுதானே."

அன்றிலிருந்து வீதி காய்ந்திருந்தால் முன் ஆசனம், பனி கிடந்தால் பின் ஆசனம். முழங்கால் நாடியில் முட்ட, பக்கத்தில் ஒரு அரிசி மூட்டையை அணைத்துக்கொண்டு இருப்பேன். குணம் கடை வாசலில் நின்று கும்பிட்டுக் காட்டுவார்.

"என்ன முதலாளி, டிரைவர் வைச்சு ஓடுறியள்போலை?"

தவமணி கண்ணாடியை இறக்கிச் சொல்லுவார்: "ஓம் தம்பி. முதலாளி இறங்கினால் வண்டி ஓடாது."

அவர் சும்மா பகிடிக்குச் சொன்னார். எனக்கோ அது பெரிய விஷயம். பென்சன் எடுத்தபிறகு யாருக்கும் நான் தேவைப்பட்டிருக்கவில்லை, பூரணத்தைத் தவிர.

அந்தப் பின் ஆசனத்தில்தான் நான் முதன்முதலில் ஒரு சொல்லை முழுதாக வாசித்தேன். தமிழ்ப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளோடு இருந்து எழுத்துகளைத் தனித்தனியாகப் படித்திருந்தேன். அவை ஒன்றோடொன்று சேர்ந்து சொல்லாவது எனக்குப் பிடிபடாமலே இருந்தது. அன்று பக்கத்து மூட்டையில் இருந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். பச்... சை... ய... பச்சையரிசி! கத்திவிட்டேன். தவமணி திரும்பிப் பார்க்கவில்லை, பனியில் அவர் வீதியை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. ஆனால் ஆளில்லாத அந்தக் காட்டு வீதியில் ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டே போனார். நானும் ஒரு ஹோர்ன் மாதிரித்தான் சத்தம் போட்டுக்கொண்டு போனேன்.

ஓடும்போது அவர் அதிகம் கதைப்பதில்லை. கதைத்தால் காருக்குச் சொல்வதுபோல் இருக்கும். "பிரேக்கை மிதிச்சால் கார் எங்கடை இல்லை" என்பார். "பனியோடை கோவிக்கக்கூடாது, கோவிச்சால் அது சிரிக்கும்" என்பார். இரண்டாம் கியரில் எடுப்பார். ஸ்டியரிங்கை மெல்லத்தான் திருப்புவார். வால் ஒதுங்கினால் பதறாமல் அது ஒதுங்கிய பக்கமே கொஞ்சம் திருப்பி, கார் நேராகும் வரைக்கும் மூச்சுவிடாமல் இருப்பார். பின்னால் நானும் மூச்சுவிட மாட்டேன்.

போன குளிர்காலத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை எழுதாமல் இருக்க முடியாது. முந்தின நாள் எனக்குக் காய்ச்சல், பூரணத்திடம் போகவில்லை. அன்று அவள் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. தண்ணீரையும் துப்பிவிட்டாளாம். இன்றும் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டி வரும் என்று இல்லத்திலிருந்து சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவை போய்வரும்போதும் பூரணத்தில் கொஞ்சம் அங்கேயே நின்றுவிடும். போன தடவை வந்து என்னை யாரென்று கேட்டாள். இன்னொரு தடவை போனால் என்ன மிஞ்சும் என்று எனக்குப் பயம். வெளியே பனி கொட்டியது. அவசியம் இல்லாமல் வெளிக்கிடவேண்டாம் என்று வானொலி சொன்னது. பஸ் இல்லை. தவமணிக்கு அன்று விடுமுறை. கேட்க வாய் வராமல்தான் தொலைபேசி எடுத்தேன்.

"சாப்பாட்டைக் கட்டுங்கோ. வாறன்," என்றார்.

காடு முடியும் இடத்தில் ஒரு ஏற்றம் இருக்கிறது. பனி வழிக்கும் வண்டி அங்கே இன்னும் வந்திருக்கவில்லை. பாதி ஏற்றத்தில் பின் சில்லுகள் சுழலத் தொடங்கின. கார் மெல்லப் பின்னுக்கு வழுகியது.

"இறங்கித் தள்ளட்டோ?"

"இறங்கினால் பாரம் போயிடும். இருந்தால் தள்ள ஆளில்லை." கொஞ்சம் யோசித்தார். "அந்த மூட்டையைத் தாங்கோ."

வாங்கிக்கொண்டு இறங்கிப் போனவர் சாவியால் அதைக் கிழித்தார்.

"ஐயோ பிள்ளை, அரிசியை றோட்டிலை கொட்டாதை! பாவம்!"

"குருவியள் தின்னும் அண்ணை. பூரணமக்கா பட்டினியா இருக்கிறா."

பின் சில்லுகளுக்கு முன்னால் பிடி பிடி­யாக அரிசியைத் தூவினார். பசித்து வளர்ந்தவன் நான், அதைப் பார்க்கமுடியாமல் முகத்தைத் திருப்பினேன். பிறகு நானும் இறங்கி மிச்சத்தை அள்ளித் தூவினேன். அவர் ஏறி எடுத்தார், நான் பின்னால் நின்று தள்ளினேன். சில்லு சுழன்று ஒரு பிடி அரிசியை என் முகத்தில் எறிந்தது. அடுத்த கணம் கார் பிடித்துக்கொண்டது. பிடித்த கார் நிற்கவில்லை. நின்றால் மறுபடி மாட்டும் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடிக்குள்ளால் அவர் கத்துவது மட்டும் கேட்டது.

"மேலை நிக்கிறன்! நடந்து வாங்கோ மாப்பிள்ளை!"

தலையெல்லாம் அரிசியோடு ஏற்றத்தில் நடந்தேன். மேலே கார் புகைத்துக்கொண்டு நின்றது. இல்லத்துக்குப் போனதும் தவமணி பூரணத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, "அக்கா, இஞ்சை பாருங்கோ, உங்கடை மனுசனை மூட்டையோடை மூட்டையாக் கட்டிக் கொண்டந்திருக்கிறன்," என்றார். பூரணம் என் தலையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சாப்பிட்டாள்.

இப்போது தவமணி இல்லை. கார் வாசலில் பனி மூடி நிற்கிறது. அதை என்ன செய்வதென்பது மதுராவின் விருப்பம், அதில் நாங்கள் தலையிடக்கூடாது. நான் கார் ஓடத் தெரியாதவன், அவருடைய கைவித்தை எதையும் வைத்துக்கொள்ள என்னால் முடியாது. ஆனால் ஒன்றை வைத்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது, "இந்தப் பனியைப் பாத்தும் என்னெண்டு பிள்ளை ஓம் எண்டனீ?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னார்: "போறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்கப் பனியைப் பாக்கிறேல்லை அண்ணை. போறதெண்டு முடிவெடுத்தபிறகு, எப்பிடிப் போறதெண்டு பாக்கத்தான் பனியைப் பாக்கிறது." அதைத்தான் நான் வைத்திருக்கிறேன். அவரைத் தெரிந்த உங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

பூரணத்துக்கு நேற்றுச் சொன்னது இன்றைக்கு இருக்காது. தவமணி லீவில் நிற்கிறார் என்று சொல்லிவிடுங்கள் என்று இல்லத்தில் சொன்னார்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்று காலையும் அவள் கேட்டாள்.

"பச்சைக்கார்ப் பிள்ளை எங்கை?"

"செத்துப்போனா, பூரணம்."

என் கோட்டில் உருகிக்கொண்டிருந்த பனியைப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் என்னெண்டு வந்தனீங்கள்?"

"பஸ்ஸிலை. பிறகு ஏத்தத்தாலை நடந்து."

"இந்தப் பனிக்குள்ளையோ? விசரே உங்களுக்கு?"

"ஓம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வருவன்."

புட்டைப் பாலில் பிசைந்து நீட்டினேன். வாயைத் திறந்தாள்.